வழி கேட்க வந்தவர்

ஈரம் காயாத ப்ரூஃப் தாளைப் பிடித்தபடி பத்திரிகை அதிபர் ஆர்வில் ஜன்னலோரம் நிற்கிறார். கோதுமைப் புழுதி படிந்த கண்ணாடிக்கு வெளியே ராணுவக் கார் ஒன்று ஊர்ந்து வருகிறது. அவரும் போர் பார்த்தவர்தான்; இந்த வெயிலில் காருக்குள் இருப்பவர் கழுத்துவரை பொத்தான் போட்ட சீருடையில் வருவது யார் வீட்டுக்கோ சாவுச் செய்தி சொல்லத்தான் என்று அவருக்குத் தெரியும். அவருடைய மகன் வியட்நாமில் இருக்கிறான். அச்சுக்கோக்கும் இர்மாவின் மகனும் அங்கேதான். அவள் இயந்திரத்தின் தடதடப்பு நிற்கிறது. "உங்க தலையங்கத்தைப் படிச்சிட்டு உங்களைப் பிடிக்க வர்றாங்க போல," என்கிறாள். குரலில் சிரிப்பு ஒட்டவில்லை. "அதுல பிழை விட்ட உன்னையும் சேர்த்துத்தான்," என்கிறார் ஆர்வில். தாண்டிப் போய்விடாதா என்று அவர் சக்கரங்களையே பார்க்கிறார். கார் வாசலில் நிற்கிறது. இந்த ஊரில் பண்ணை வீடுகளுக்கு எண் கிடையாது. வழி தெரியாதவர்கள் பத்திரிகை அலுவலகத்துக்குத்தான் வருவார்கள். இவரும் வழி கேட்கத்தான் வருகிறாரா? கதவு மணி ஒலிக்கிறது. இளம் அதிகாரி ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். ஆர்விலின் விரலடியில் தாள் கிழிகிறது. "மன்னிக்கணும் ஐயா. இர்மா ஸ்டென்சன்னு ஒருத்தங்க... அவங்க வீட்டுக்கு எப்படிப் போகணும்?" நெஞ்சில் அடைத்திருந்த மூச்சு ஆர்விலை விட்டுப் பெரிதாக வெளியேறுகிறது. உடனே வாயைப் பொத்திக்கொள்கிறார். திரும்பிப் பார்க்கவில்லை. இயந்திரத்தை விட்டு எழுந்து வந்து ஒரு முழம் பின்னால் நிற்கும் இர்மாவுக்கு அந்த மூச்சு கேட்டிருக்கும்.