ஐந்து கிலோவாட்

"உங்க கரண்ட் பில்லுக்கு ரெண்டு கிலோவாட் தாராளம் சார். நாலு பேனல் போதும்," என்றார் சோலார் கம்பெனி இன்ஜினியர்.

"அஞ்சு போடுங்க," என்றாள் மனைவி.

"ரெண்டு பேருக்கு எதுக்கு அஞ்சு?" என்றார் கணவர். சமீபத்தில்தான் பேங்கில் ரிட்டயர் ஆனவர்.

"நாளைக்கே ஏசி வாங்குவோம், கார் வாங்குவோம். அதுக்கெல்லாம் கரண்ட் வேணாமா?"

விஷயம் கேள்விப்பட்டு எதிர்வீட்டு டாக்டர் வந்தார். "அவங்க சொல்றதுதான் சரி சார். பெரிசாவே போட்டுடுங்க." பக்கத்து வீட்டு அம்மாளும் மதில் மேல் எட்டிப் பார்த்து அதையே சொன்னாள்.

நம் வீட்டுக் கரண்டில் தெருவுக்கே இத்தனை அக்கறையா என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. சரி என்றார்.

"ஸ்டாண்டை உயரமா தூக்க வேணாம். தாழ்வா இருந்தாத்தான் காத்துக்கு ஆடாது," என்றாள் மனைவி.

மறுவாரம் மொட்டைமாடியை அடைத்துக்கொண்டு பத்து பேனல்கள் பளபளத்தன.

அடுத்த நாள் விடியற்காலை ஐந்து மணி. மூன்று மாதமாகத் தினமும் மாடியில் ஊதிப் பழகும் டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு அவர் படியேறினார். கால் ஊன்ற இடமில்லை. வீட்டுக்குள் ஊதக் கூடாதென்று மனைவி அவர் பழக ஆரம்பித்த அன்றே சொல்லியிருந்தாள்.

அன்று தெருவே ஏழு மணிவரை தூங்கியது.