ராய்ஸின் வாளி

அன்னிக்கு சர்ச்சுல பிரசங்கம் சீக்கிரமே முடிஞ்சுடுச்சு. அதனாலதான் டெல்மர் பக்கத்துப் பண்ணை ராய்ஸைத் தன் குளத்தங்கரையில கையும் வாளியுமாப் பிடிச்சார்.

வாளியில முப்பது கிராப்பி மீன். ஒண்ணும் உள்ளங்கையைத் தாண்டாது.

ஒரு ஏக்கர் குளம். அதுல முதல் முதலா கிராப்பியைக் கொண்டுவந்து விட்டவங்க டெல்மரோட மனைவி ஓபல். மூணு வருஷம் முன்னாடி காலமாயிட்டாங்க. அதுலேர்ந்து தூண்டில்ல சின்னது மாட்டினா, டெல்மர் பதமா முள்ளைக் கழட்டித் தண்ணியிலயே விட்டுடுவார். ஓபலோட மீனாச்சே.

"ஏம்ப்பா, குஞ்சைக்கூட விட மாட்டியா? அது வயிறா, தானியக் கிடங்கா?"

"சின்னதுதான் வறுத்தா மொறுமொறுன்னு இருக்கு"ன்னார் ராய்ஸ், வெக்கமே இல்லாம.

இனிமே கால் வெச்சா ஷெரிஃப்தான் வருவார்னு சொல்லி, டெல்மர் வாளியைப் பிடுங்கிக் குளத்துல கவுத்தார். பாதி மிதந்துச்சு. முப்பது வருஷ சிநேகம் அத்தோட சரி.

ஷெரிஃப்கிட்ட இப்பவே புகார் குடுத்துடறதுன்னும் முடிவு பண்ணினார். எவ்வளவு நஷ்டம்னு அதுல எழுதணுமே. மீன்துறை ஆளை வரவழைச்சார். அவர் வலையை இழுத்தா, கிராப்பி முக்காவாசியும் ஒரு அடி நீளம்.

"சின்னக் குளத்துல கிராப்பி விட்டா வம்புதான் சார். கணக்கில்லாம குஞ்சு பொரிக்கும். தீனி பத்தாது. எல்லாம் விரல் நீளத்துலயே நின்னுடும். கடைசியில மொத்தத்தையும் அழிச்சுட்டுக் குளத்தையே வடிக்கணும். நீங்க வருஷக்கணக்கா சின்னதை எடுத்துட்டே இருந்திருக்கீங்க. அதான் பொழைச்சுது."

டெல்மர் தொப்பியைக் கழட்டி மறுபடி மாட்டிக்கிட்டார்.

நேரா ராய்ஸ் வீட்டுக்குப் போனார். ராய்ஸ் இல்ல. கதவைத் திறந்தது அவர் மனைவி நடீன்.

சண்டைக்கு வரலைன்னு முதல்லயே சொல்லிட்டார். நாக்கு ருசிக்குத் திருடினாலும் குளத்துக்கு நல்லதுதான் நடந்திருக்கு, தாராளமா வந்து பிடிச்சுத் தின்னட்டும்னு பெரிய மனசு பண்ணினார்.

நடீன் அவரை ஒரு மாதிரி பார்த்தாங்க.

"தின்கிறதா? ஒரு துண்டு வாயில வெச்சா அவருக்கு உடம்பெல்லாம் தடிச்சுடும். அத்தனையும் பூசணிக் குழிக்கு உரமாத்தான் போகுது. 'ஓபல் விட்ட மீனு, அதுல பாதியைக் கொன்னாத்தான் மீதி பொழைக்கும்னு அவன்கிட்ட எந்த வாயால சொல்றது? திருடன்னே நெனச்சுட்டுப் போகட்டும்'னார்."