கம்பித் துண்டு

"அந்த ஆளுகிட்ட மட்டும் வாயத் தொறக்காதீங்க!" ஜெயந்தினி வாசலை மறித்தாள்.

அவள் கணவன் யோகேஸ்வரனின் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான்.

கீழே, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில் தொட்டில்களை ஓரங்கட்டிவிட்டு இலவசப் பல் வைத்தியம் நடந்தது. வைத்தியர் ஒரு சிங்களப் பெரியவர். பட்டாளத்தில் பல் டாக்டராக இருந்தவராம்.

காலையில் பக்கத்து வீட்டு ராக்காயி அக்காதான் சேதி கொண்டுவந்திருந்தாள்.

"எங்க வீட்டு மனுசனுக்கு வலி மேல் பல்லுலடி. அந்த டாக்டரு கீழ்த்தாடையப் போட்டுத் தடவுறாரு. வன்னியில இருந்தீங்களான்னு வேற கேக்குறாரு. போற ஆம்பளைங்க எல்லாருக்கும் அதே கேள்விதான்."

"யாரையாச்சும் தேடுறாராக்கா?"

"யாரு கண்டா? சண்டை நடக்கிறப்ப டெலிபோன் கம்பிய அறுத்துப்புட்டாருன்னு பட்டாளத்துலயே வெரட்டிட்டாங்களாம். கூட வந்த டிரைவரே சொல்றான். சொந்த ஆளுக்கே குழி பறிச்ச மனுசன், நமக்கா நல்லது செய்யப் போறாரு?"

ஜெயந்தினி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

யோகேஸ்வரன் வடக்கே வன்னியில் வளர்ந்தவன். பள்ளிக்கூடம் போகும் வயதில், கடைசிச் சண்டையில், ஷெல் பட்டுத் தாடை உடைந்தது. ஷெல் விழுந்துகொண்டே இருக்க, யாரோ மண்ணில் ஊர்ந்து வந்து, அவனைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு, தாடையை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாராம். புழுதியில் முகம்கூடத் தெரியவில்லையாம்.

விசாரணை என்று எவரும் வந்து நிற்கக் கூடாதே என்று, அவன் தாய் பிறந்த இந்த அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் அவள் அதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை.

சாயங்காலம் வலி தாங்காமல் அவனே இறங்கிப் போனான். அவள் பின்னாலேயே ஓடினாள்.

டாக்டர் வாய்க்குள் டோர்ச் அடித்தார். தாடையைத் தடவிய விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது எப்படி ஒடைஞ்சது?"

"மரத்துலேர்ந்து விழுந்துட்டாருங்க," என்று ஜெயந்தினி முந்திக்கொண்டாள்.

"எங்க இருந்த மரம்? வன்னியிலயா?"

அவள் யோகேஸ்வரனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஊசி போட்டார். ஈறைக் கீறினார். சீழோடு ஒரு கம்பித் துண்டு வந்தது. அதைக் கழுவினார். பஞ்சில் சுற்றினார். தன் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டினார்.

ஜெயந்தினி பதறிவிட்டாள்.

"அதக் குடுத்துடுங்க ஐயா! இவரு அப்ப படிக்கிற புள்ள. ஒரு தப்பும் பண்ணல. அதக் கொண்டுபோயி யார்கிட்டக் காட்டப் போறீங்க?"

"என் சம்சாரத்துக்கிட்ட, நங்கி... தங்கச்சி."

பெரியவரின் கை சட்டைப் பையை விட்டு அகலவில்லை.

"இவங்க அம்மா அன்னைக்கு அக்கரப்பத்தனை, அக்கரப்பத்தனைன்னு கத்தி அழுதாங்க. அதான் தோட்டம் தோட்டமா வர்றேன். 'டெலிபோன் கம்பிய அறுத்துத் தாடையக் கட்டி, இருந்த வேலையையும் தொலைச்சீங்களே, அந்தப் பையனாச்சும் பொழைச்சானா?'ன்னு என் சம்சாரம் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கா."