கட்டைவிரல்

விபத்துக்குப் பிறகு ரஞ்சனியின் வலது கட்டைவிரல் மடங்கவே இல்லை. பயிற்சிக்காகக் கையில் வைத்து ஆடும் பழைய வீடியோ கேம் ஒன்றைக் கணவன் ஆனந்தராஜ் வாங்கித் தந்தான். அதில், பேய்கள் உலவும் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வெளியேற வேண்டும். ஏழு மாதமாகத் தினமும் கடைசிக் கதவருகே செத்தாள்.

இன்று மதியம், ராஜகிரிக் கோட்டை மலை மேல் வெயில் கொளுத்தும்போது, விரல் மடங்கியது. கதவு திறந்தது.

“ஏங்க, வெளிய வந்துட்டேன்! விரல் மடங்குது பாருங்க!”

ஓடிவந்த ஆனந்தராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகுதான் கருவியின் பின்பக்கத்தைப் பார்த்தான்.

“பேட்டரி உப்பிப்போச்சுன்னு காலைலயே கழட்டிட்டனே. ஒயரும் மாட்டல. எப்படி ஓடுது?”

“இன்னாவோ ஓடுது, கைய வுடுங்க” என்று சிரித்தாள்.

மறுபடி ஆடலாமா என்று திரை கேட்டது. ரஞ்சனி கட்டைவிரலால் அழுத்தினாள்.