பிரான்சுக் காட்டில் மரம் இழுத்தவர்கள்

"பனி விழுறப்ப சத்தம் எப்பிடி இருக்கும், சின்னசாமி?" தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார் ஓவியர் சாமுவேல்.

"சடசடன்னு இருக்கும்ணே. ஆலங்கட்டி மாதிரி."

சாமுவேல் ஆம்பூருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கடைப்பலகை எழுதிப் பிழைக்கிறவர். பெரிய சண்டையின்போது வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் கூலியாளாகப் பிரான்சுக்குப் போய்க் காட்டில் மரம் வெட்டியதாகச் சொல்லிக்கொள்ளும் சின்னசாமி, அந்தக் காட்டைத் துணியில் எழுதித் தரச் சொல்லியிருந்தான்.

உண்மையில் அவன் பம்பாய்த் துறைமுகத்தோடு சரி. கப்பலைப் பார்த்ததுமே பயந்து ஓடி, இரண்டு வருஷம் அங்கே ஒரு தோல் பதனிடும் கிடங்கில், சுண்ணாம்புத் தொட்டியில் நின்றான். அவனுக்குத் தெரிந்த வெள்ளை அதுதான்.

மச்சான் சம்பத் கறாராகச் சொல்லிவிட்டான்: "ரெண்டு வருஷம் ஒரு காயிதம் இல்ல. சீமைக்குப் போனது நெசம்னா என் தங்கச்சிய அனுப்புறேன். எவளோடயாவது குடும்பம் நடத்திட்டு வந்திருந்தா, ஜெயம்மா எங்க வூட்லயே இருக்கட்டும்."

படம் வளர்ந்தது. எங்கும் வெண்மை. அதில் நாலு பேர் ஒரு அடிமரத்தைக் கயிறு கட்டி இழுத்தார்கள். அவர்கள் மூச்சு புகையாய் நின்றது. பார்க்கப் பார்க்கச் சின்னசாமிக்குப் பாதம் சில்லிட்டது. நிஜமாகவே போய்வந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

"இன்னாண்ணே, மரத்துல ஒரு இலைகூட இல்ல? காடு பச்சைப்பசேல்னு இல்ல இருந்துச்சு!"

"இருக்கட்டும்பா. படத்துக்கு அழகு."

"ஆளுங்களுக்கு வேட்டிய முழங்காலுக்கு மேல ஏத்திக் கட்டுங்க. வெள்ளையில நின்னா அப்பிடித்தான் நிக்கணும்."

சாமுவேல் சிரிக்கவில்லை. கனத்த கோட்டுகளையே எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பத் தங்கையோடு வந்தான். ஜெயம்மாள் படத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "இந்தக் குளிர்லயா இருந்த?" என்று புருஷனிடம் மெல்லக் கேட்டாள்.

"படத்த எவன் வேணும்னாலும் எழுதுவான்" என்றான் சம்பத். "இவன் அங்க இருந்ததுக்கு யாரு சாட்சி?"

சின்னசாமி படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாமுவேல் குனிந்து இடது கால் ஷூவைக் கழற்றினார். அந்தக் காலில் மூன்று விரல்கள்தான் இருந்தன.

"மீதி ரெண்டையும் அந்தப் பனி தின்னுடுச்சுப்பா" என்றார். "மரம் இழுக்குறப்ப கயித்துல நான் முன்னால, உன் மச்சான் எனக்குப் பின்னால."