பொருந்தியவர்

கொலைகாரன் தனியாக வாழ்பவன், அதிகம் பேசாதவன், பெண்களை நிமிர்ந்து பார்க்காதவன் என்று காவல்துறைக்கு எழுதிக்கொடுத்தவர் உளவியலாளர் திலகவதி. அந்த வரிகளுக்குப் பொருந்தினார் என்பதற்காகவே கடிகாரம் பழுதுபார்க்கும் சவரிமுத்துவைப் பிடித்துப் பதினோரு மாதம் சிறையில் வைத்தார்கள். பிறகு அகப்பட்ட உண்மையான கொலைகாரனோ, மனைவி மக்களோடு வாழ்ந்த கலகலப்பான ஆள்.

திலகவதி மன்னிப்புக் கேட்கப் போனார். சவரிமுத்து தரையைப் பார்த்தபடியே நின்றார்.

"நான் எழுதினது தப்புங்க."

"இல்லைங்க மேடம். கோர்ட்டுல படிச்சாங்க. ஒவ்வொண்ணும் நான்தான்." கொஞ்சம் தயங்கினார். "அப்ப, இனிமேதான் நான் யாரையாவது கொல்லப்போறேனா மேடம்?"

இல்லை என்று உறுதியாகச் சொல்ல வாயெடுத்தார் திலகவதி. அந்த அறிக்கையையும் இதே உறுதியோடுதான் எழுதினோம் என்ற நினைப்பு வந்ததும், வெட்கத்தில் தானும் தரையைப் பார்த்தார்.