சோனிக் கிடாய் ஜெயித்த பந்தயம்

மேய்ச்சல் முடிந்து பட்டிக்குத் திரும்பும்போது கிடாய்களுக்குள் ஓட்டப்பந்தயம் நடக்கும். சோனிக் கிடாய்தான் எப்போதும் கடைசி. அன்று அது முதலில் வந்தது. பட்டி வாசலில் காத்திருந்த மனிதர்கள் அதன் கழுத்தில் அரளி மாலை போட்டார்கள்.

"ஜெயிச்சிட்டேன் அண்ணே," என்றது, பின்னால் மெதுவாக நடந்து வந்த கொம்பன் கிடாயிடம். "இன்னிக்கு நீ ஓடவே இல்லையே?"

கொம்பன் தரையைப் பார்த்தபடி சொன்னது: "போன கோயில் கொடைக்கு என் தம்பிதான் முதல்ல வந்தான். அவனுக்கும் மாலை போட்டாங்க."

"இப்ப எங்க அவன்?"

கொம்பன் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டது. மற்ற கிடாய்களும் தலைநிமிரவில்லை.

யாரோ சோனியின் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். குளிரில் அதன் உடம்பு சிலிர்த்தது.

"சாமி உத்தரவு கெடச்சிருச்சு," என்றார் ஒருவர். பெண்கள் குலவையிட்டார்கள்.

இன்னொரு மாலை போடப்போகிறார்கள் என்று நினைத்து, சோனி கழுத்தை நன்றாக நீட்டிக் கொடுத்தது.